அட்டையில் யார் பெயர்?

பெங்களூருவில் வேலை பார்க்கும் தமிழ்ப் பிள்ளைகள் சிலர் அவ்வப்போது வந்து கேட்பதுண்டு: "ஐயா, பழங்குடி எழுத்தாளர்களுக்கு நாங்க ஏதாவது செய்யணும். எங்கேயிருந்து ஆரம்பிக்கிறது?" சிலருக்கு 'சோளகர் தொட்டி' நாவல் படித்த சூடு. சிலர் பிளிகிரிரங்கன மலைக்கு சனி ஞாயிறு போய்வந்தவர்கள். நல்ல மனசுதான், குறை சொல்லவில்லை. ஆனால் நல்ல மனசோடு வந்தவர்கள் ஆறு மாதத்தில் காணாமல் போனதையும், போகும்போது ஒலிப்பதிவுகளை எல்லாம் எடுத்துக்கொண்டே போனதையும் இந்த ஊர் நிறையப் பார்த்திருக்கிறது. எழுதுகிறவர்களுக்கும் அச்சகத்துக்கும் நடுவிலேயே காலம் தள்ளியவன் என்ற உரிமையில் சிலவற்றைச் சொல்லி வைக்கிறேன்.

1. யாரென்று தெரிந்துகொண்டு பேசுங்கள்

'பழங்குடியினர்' என்று ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசுவதை முதல் நாளே விட்டுவிடுங்கள். 2011 கணக்கெடுப்பின்படி கர்நாடகத்தில் பழங்குடியினர் 42 லட்சத்துக்கு மேல். மாநிலத்தில் நூற்றுக்கு ஏழு பேர். சாமராஜநகர் மலைகளில் சோலிகர், நாகரஹொளெ ஓரத்தில் ஜேனு குருபரும் பெட்ட குருபரும், குடகில் எரவர், உடுப்பி, மங்களூர் பக்கம் கொரகர், எல்லாபுரம், ஹளியாளம் காடுகளில் ஆப்பிரிக்க வழிவந்த சித்தியர். இவர்களைத் தேடி அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். ராமநகரப் பக்கம் இருளிகர் இருக்கிறார்கள். பன்னேர்கட்டாவை ஒட்டியே ஹக்கிபிக்கி குடியிருப்பு இருக்கிறது. நம் நரிக்குறவர் பேசும் வாக்ரிபோலிக்கு நெருங்கிய பேச்சு அவர்களுடையது. சோலிகர் வேறு யாருமில்லை. தாளவாடி, சத்தியமங்கலம் பக்கம் நாம் சோளகர் என்று சொல்லும் அதே மக்கள். மாநில எல்லை அவர்கள் காட்டின் நடுவே போகிறது.

ஒரு கொரகரைக் கூப்பிட்டு "உங்கள் காட்டு வாழ்க்கையைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? கூடை முடைந்து கடலோர ஊர்களில் வாழ்ந்த சமூகம் அது. 'அஜலு' என்ற இழிவு வழக்கத்தைத் தடுக்கவே 2000இல் தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. அவரிடம் எழுத இருக்கும் கதை வேறு.

அரசுப் பட்டியலையும் வேதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அங்கோலா பக்கத்து சுக்ரி பொம்மகவுடா ஹாலக்கி மக்களின் பாட்டுகளை நெஞ்சில் வைத்திருந்தவர். சாராயத்தை எதிர்த்துத் தெருவில் நின்றவர். 2017இல் பத்மஸ்ரீ பெற்றவர். 2025 பிப்ரவரியில் காலமானார். ஹாலக்கிகள் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கச் சொல்லிப் பல காலமாகக் கேட்டுக்கொண்டிருந்த சமூகம். பட்டியலில் பெயர் இல்லை என்பதற்காக அவர் பாட்டை ஒதுக்கி வைப்பீர்களா?

2. பாடுகிறவரும் எழுத்தாளர்தான், ஆனால் பாட்டிலேயே அவரைக் கட்டிப்போடாதீர்கள்

மலை மாதேஸ்வரன் காவியத்தை இரவு முழுக்கப் பாடுகிறவர் கையெழுத்துப் போடத் தெரியாதவராக இருக்கலாம். எந்த இடத்தில் கதையை நிறுத்த வேண்டும், எங்கே கேட்கிறவனை அழ வைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்த அளவுக்குப் பல நாவலாசிரியர்களுக்குத் தெரியாது. அவரைத் 'தகவலாளி' என்று குறிப்பேட்டில் எழுதும் பழக்கம் பல்கலைக்கழகங்களில் உண்டு. நீங்கள் அதைச் செய்யாதீர்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அந்தப் பாடகரின் பேத்தி ஆசிரமப் பள்ளியில் கன்னடம் படித்து, மைசூரில் பட்டம் வாங்கி, துப்பறியும் கதை எழுதிக்கொண்டு வருகிறாள் என்று வையுங்கள். உடனே நம் ஆட்கள் முகம் வாடிவிடுகிறது. "உங்க தாத்தாவோட தேன் பாட்டெல்லாம் எழுதலாமே?" ஏன் எழுத வேண்டும்? சந்தாலி மருத்துவர் ஹன்ஸ்தா சௌவேந்திர சேகர் 'மை ஃபாதர்ஸ் கார்டன்' என்ற நாவலில் ஓர் இளம் மருத்துவரின் தன்பால் காதலை எழுதினார். அவர் விருப்பம் அது. பழங்குடி எழுத்தென்றால் பாட்டு, ஆட்டம், மூலிகை என்று வாசலில் ஒரு சல்லடை வைத்திருக்கிறோம். முதலில் அதை எடுத்துப் போடுங்கள்.

3. அட்டையில் யார் பெயர்?

நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான்.

1930களில் நீலகிரிக்கு வந்த மொழியியலாளர் எமனோ, கோத்தர் மொழிக் கதைகளைத் தொகுத்து 1944 முதல் 1946 வரை கலிபோர்னியாவில் நான்கு பகுதிகளாக வெளியிட்டார். திராவிட மொழியியலில் இன்றைக்கும் பெரிய சொத்து அது. அந்தக் கதைகளைச் சொன்னவர் சுள்ளி என்ற கோத்தர். அட்டையில் இருப்பது எமனோவின் பெயர். எமனோ கெட்ட மனிதர் அல்ல. அன்றைய உலகில் அதுதான் வழக்கம். ஆனால் கதை சொன்னவரைத் தேடி நாம் புத்தகத்துக்குள்ளே போக வேண்டியிருக்கிறது.

இன்னொன்றைப் பாருங்கள். 1990இல் பின்லாந்து நாட்டார் வழக்காற்றியலாளர் லௌரி ஹொங்கோவும், விவேக ராய், சின்னப்ப கவுடா ஆகியோரும் உஜிரெ அருகே கோபால நாயக்கர் என்ற துளுப் பாடகரிடம் சிரி காவியத்தைப் பதிவு செய்தார்கள். ஆறு நாள் பாடினார், 15,683 அடிகள். 1998இல் புத்தகமாக வந்தபோது, 'கோபால நாயக்கர் நிகழ்த்திய சிரி காவியம்' என்று தலைப்பிலேயே அவர் பெயர் ஏறியது. உழவு வேலை பார்த்த மனிதர். இன்று உலகில் எந்த நூலகத்தில் அந்த நூலைத் தேடினாலும் அவர் பெயரைச் சொல்லாமல் தேட முடியாது. இரண்டு நூல்களுக்கும் நடுவே அரை நூற்றாண்டு. நீங்கள் எந்த நூற்றாண்டில் நிற்கப் போகிறீர்கள் என்பதை முதல் பதிவுக்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

நீங்கள் செய்தது தொகுப்பு என்றால் தொகுப்பாளர் என்று போடுங்கள், அதுவும் சிறிய எழுத்தில். தட்டச்சு என்றால் உள்ளே நன்றிப் பக்கம் போதும். சட்டமும் இதில் துணைக்கு இருக்கிறது: பதிப்புரிமைச் சட்டத்தில் பாடுகிறவருக்கு, நடிக்கிறவருக்கு 'நிகழ்த்துநர் உரிமை' 50 ஆண்டு உண்டு; 2012 திருத்தத்துக்குப் பிறகு தன் பெயரைச் சொல்லும்படி கேட்கும் உரிமையும் அவருக்கு உண்டு. பாட்டுப் பாடிய பாட்டிக்கு இது தெரியாது. தெரியப்படுத்துவது உங்கள் வேலை.

4. மொழியைத் திருத்தாதீர்கள்

சோலிகர், ஜேனு குருபர், எரவர் பேச்சுகளுக்குத் தனி எழுத்து கிடையாது. இங்கே கன்னட எழுத்தில்தான் எழுதுகிறார்கள். இந்தப் பேச்சுகள் சிலவற்றில் நாக்கை நடுவாயில் நிறுத்திச் சொல்லும் உயிரொலிகள் உண்டு; கன்னட நெடுங்கணக்கில் அவற்றுக்கு இடமில்லை. என்ன செய்வது? எழுத்துக்கு மேலே புள்ளியோ கோடோ வைக்கலாம், வைக்காமலே விடலாம். எழுதுகிறவரும் அவர் ஊர்க்காரர்களும் உட்கார்ந்து முடிவு செய்யட்டும். நீங்கள் மடிக்கணினியில் அந்தக் குறி வருகிறதா, அச்சகத்து எழுத்துருவில் உடையாமல் நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள். உடையும், அதைச் சரிசெய்வதற்கே பாதி நாள் போய்விடும்.

எரவருக்கு வேறு ஒரு சங்கடம். அவர்கள் தங்களை ராவுளர் என்கிறார்கள். மலைக்கு அந்தப் பக்கம் வயநாட்டிலும் அதே மக்கள், அதே பேச்சு. வயநாட்டில் சுகுமாரன் சாலிகத்த ராவுள மொழியில் நல்ல கவிதைகள் எழுதுகிறார், மலையாள எழுத்தில். குடகிலிருக்கும் அவர் சொந்தக்காரர், கன்னடப் பள்ளியில் படித்தவர், அதை எப்படி வாசிப்பார்? இந்த இடத்தில் ஒலிதான் வழி. கவிஞர் தன் குரலில் வாசித்த பதிவு கைபேசிக்குக் கைபேசி போனால் எழுத்து வேலி தானாக விழுந்துவிடும். புத்தகம் போடும்போதே ஒலிப்பதிப்புக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள்.

மெய்ப்புப் பார்ப்பதையும் காதால் செய்யுங்கள். அச்சகத்திலிருந்து தாளை வாங்கிக்கொண்டு நேரே ஹாடிக்கு, அதாவது அவர்கள் குடியிருப்புக்கு, போய்விட வேண்டும். எழுத்து பெரிதாக இருக்கட்டும். பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி சத்தமாக வாசிக்க, பெரியவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். முதல் பக்கம் முடிவதற்குள் ஏதாவதொரு பாட்டி கையை நீட்டி நிறுத்துவாள். "அப்படி நாங்க சொல்ல மாட்டோமே." பார்த்தால், பிழை என்று நகரத்தில் யாரோ 'திருத்திய' இடமாக இருக்கும் அது. பக்கத்தில் இருக்கும் கிழவர் பாட்டியோடு சண்டைக்குப் போவார்; அவர் வேறு ஹாடியில் பிறந்தவர், அவர் ஊரில் வேறு மாதிரி. வாசித்த பெண் பென்சிலை வைத்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்ப்பாள். நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். அந்தப் பெண்தான் அடுத்த எழுத்தாளர்.

"கன்னட வாசகர்களுக்குப் புரியாதே" என்று பதிப்பாளர் சொல்வார். தேவனூர மகாதேவரின் 'குசுமபாலெ' நாவல் வந்தபோதும், நஞ்சன்கூடு பக்கத்துப் பேச்சு புரியவில்லை என்று கன்னடக்காரர்களே புலம்பினார்கள். 1990இல் சாகித்ய அகாடமி விருது வந்தது. வாசகர்கள் எழுந்து வருவார்கள். கொஞ்சம் நேரம் கொடுங்கள்.

5. பணத்தைக் கூச்சமில்லாமல் பேசுங்கள்

இலக்கியக் கூட்டத்துக்குக் கூப்பிடுகிறீர்கள். ஹெக்கடதேவன கோட்டையிலிருந்தோ பிளிகிரிரங்கன மலையிலிருந்தோ பெங்களூரு வந்து சேர நாலைந்து மணி நேரம். வர ஒரு நாள், பேச ஒரு நாள், போக ஒரு நாள். மூன்று நாள் கூலி போச்சு. 2023 ஜூன் முதல் பெண்களுக்கு அரசுப் பேருந்தில் கட்டணமில்லை என்பது உண்மை. கூலிக்கு அரசு என்ன செய்யும்? 'வழிச்செலவு ரசீது கொடுத்தால் பின்னால் தருகிறோம்' என்ற ஏற்பாடு மாதச் சம்பளக்காரர்களுக்குச் செய்தது. கிளம்புவதற்கு முந்தின நாளே பணம் அவர் கையில் இருக்க வேண்டும். துணைக்கு ஒருவர் வருவதாக இருந்தால் அவருக்கும் சேர்த்து.

சால்வையும் நினைவுப் பரிசும் வேண்டாம் என்று நான் சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டேன். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கணபதியைக் கொடுத்தால் அதை எங்கே கொண்டுபோய் வைப்பார்?

6. ஒப்பந்தத்தை வாசித்துக் காட்டுங்கள்

பதிப்பகங்கள் நீட்டும் தாளில் "எல்லா உரிமைகளும் உலகம் முழுவதும் நிரந்தரமாக" என்று ஒரு வரி வழுக்கிக்கொண்டு இருக்கும். அதை அடிக்கச் சொல்லுங்கள். புத்தகமாகப் போடும் உரிமை தனி; ஒலி, மொழிபெயர்ப்பு, சினிமா எல்லாம் தனித்தனி. காலம் எவ்வளவு என்று எழுதாவிட்டால் ஐந்தாண்டு என்றும், எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்றும் நம் சட்டம் எடுத்துக்கொள்கிறது. வாங்கிய உரிமையைப் பதிப்பாளர் ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறுவிதமாக எழுதியிருந்தாலொழிய, அது காலாவதி. இவ்வளவு தெரிந்திருந்தாலே பாதித் தகராறு வராது. தாள் ஆங்கிலத்தில் இருந்தால் கன்னடத்தில் ஒன்று தயார் செய்து, எழுத்தாளர் வீட்டார் முன்னிலையில் சத்தமாக வாசித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்துக்குக் கொடுங்கள்.

7. அவர்கள் நாட்காட்டியைப் பாருங்கள்

குடகில் காப்பிப் பழம் பறிக்கும் டிசம்பர், ஜனவரியில் எரவர் எழுத்தாளரிடம் கைப்பிரதி கேட்காதீர்கள். கோடையில் சோலிகர் தேன் எடுக்கப் போவார்கள். உங்கள் மார்ச் மாதக் கணக்கு முடிவு அவர்களுக்குப் பண்டிகை அல்ல.

8. கிடைத்ததையெல்லாம் அச்சில் ஏற்றாதீர்கள்

சாவு வீட்டில் மட்டும் பாடும் பாட்டு உண்டு. பெண்கள் மட்டும் கேட்பது உண்டு. குலத்தெய்வம் எந்தப் பாறையில் இருக்கிறது என்று சொல்லும் பாட்டு உண்டு. அதை அச்சிட்டால் அடுத்த மாதமே மலையேறும் கூட்டம் அந்தப் பாறையில் நின்று படம் எடுக்கும். ஒருவர் சம்மதித்தால் போதாது. பாட்டு குலத்துக்குச் சொந்தமென்றால் குலத்துப் பெரியவர்கள் சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால் ஒலிப்பதிவை அழித்துவிட்டு, அழித்ததைக் காட்டுங்கள். ஆஸ்திரேலியாவில் பூர்வகுடி எழுத்தை வெளியிடுகிறவர்களுக்கு இதற்கென்றே எழுதப்பட்ட நெறிமுறைகள் இருக்கின்றன. நம்மிடம் இன்னும் பெரியவர்களைக் கேட்கும் வழக்கம்தான் நெறிமுறை. அதையாவது விடாமல் இருப்போம்.

9. புத்தகம் வந்த பிறகுதான் துணை வேண்டும்

வெளியீட்டு விழாவுக்கு அறுபது பேர் வருவார்கள். பிரச்சினை வந்தால்? ஹன்ஸ்தாவின் 'தி ஆதிவாசி வில் நாட் டான்ஸ்' 2015இல் வந்தது. அதே ஆண்டு அவருக்கு சாகித்ய அகாடமியின் யுவ புரஸ்கார். இரண்டே ஆண்டில், 2017 ஆகஸ்டில், ஜார்க்கண்ட் அரசு அந்த நூலைத் தடை செய்தது. அரசு மருத்துவர் வேலையிலிருந்து அவரை இடைநீக்கமும் செய்தது. அந்த டிசம்பரில் தடை நீங்கியது. அவரை எதிர்த்தவர்களில் அவர் சமூகத்தைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள் என்பதை மறக்காதீர்கள். 'சமூகம்' என்பது ஒரே குரல் அல்ல.

இங்கே காட்டைப் பற்றி எழுதினால் வனத்துறை வாசிக்கும். பிளிகிரிரங்கன மலை 1974இல் சரணாலயமானபோது சோலிகர் காட்டுக்குள்ளிருந்து ஓரத்துக்கு நகர்த்தப்பட்டார்கள். 2011இல் புலிகள் காப்பகமானது. அதே ஆண்டில் வன உரிமைச் சட்டப்படி அவர்களின் சமூக உரிமை அங்கீகரிக்கப்பட்டது. இந்த வரலாற்றைச் சொந்த அனுபவமாக எழுதுகிறவரின் அண்ணன் அதே துறையில் தினக்கூலிக் காவலராக இருப்பார். அச்சேறும் முன் ஒரு வழக்கறிஞர் வாசிக்கட்டும். எதை விடுவது, எதை வைப்பது என்பதை எழுத்தாளரே முடிவு செய்யட்டும். வைத்துக்கொண்டால் கடைசி வரை கூட நில்லுங்கள்.

10. மேடையில் உடுப்புக் கேட்காதீர்கள்

"பாரம்பரிய உடையில் வந்தால் நன்றாக இருக்கும்" என்று ஒரு நாவலாசிரியரிடம் கேட்பீர்களா? பழங்குடி நாவலாசிரியரிடம் கேட்கிறார்கள். மேடைக்கு வர மாட்டேன், விருது வேண்டாம் என்று சொல்லவும் அவருக்கு உரிமை உண்டு. குருக் சமூகக் கவிஞர் ஜசிந்தா கெர்கெட்டா 2024இல், பாலஸ்தீனக் குழந்தைகளை நினைத்து ஒரு குழந்தை இலக்கிய விருதை மறுத்தார்.

11. உங்கள் நாவலை அப்புறம் எழுதிக்கொள்ளுங்கள்

ச. பாலமுருகனின் 'சோளகர் தொட்டி' 2004இல் வந்தது. வீரப்பன் வேட்டை என்ற பெயரில் அந்த மக்கள் பட்ட பாட்டைத் தமிழ்நாடு அறிந்ததற்கு அந்த நாவல் பெரிய காரணம். அதன் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அதைப் படித்துவிட்டு நம்மில் பத்துப் பேர் பத்துப் பழங்குடி நாவல் எழுதக் கிளம்பினால், அந்த அலமாரியில் அவர்களுக்கு இடம் எங்கே மிச்சம்? கேரளத்தில் மலையரயர் சமூகத்து நாராயண், தபால் துறையில் வேலை பார்த்தவர், தம் மக்களை மற்றவர்கள் எழுதிய விதம் பொறுக்காமல்தான் 'கொச்சரேத்தி' எழுதினார். எழுதிப் பல ஆண்டு கழித்து, 1998இல்தான் அது அச்சேறியது. அடுத்த ஆண்டே கேரள சாகித்ய அகாடமி விருது. அதுவரை அந்தக் கைப்பிரதி பெட்டியில் கிடந்தது. இன்னும் எத்தனை பெட்டிகளில் என்ன கிடக்கிறதோ, அதைக் கேட்டுப் போங்கள்.

12. குமாஸ்தா வேலைக்கு ஆள் வேண்டும்

சாகித்ய அகாடமி அங்கீகரிப்பது 24 மொழிகளை. அதில் பழங்குடி மொழிகள் சந்தாலியும் போடோவும்தான். சோலிகர் பேச்சில் எழுதுகிறவர் அந்த மொழிக்கான ஆண்டு விருதுக்குக் காத்திருக்க முடியாது. ஆனால் மற்ற மொழிகளுக்கென்று 1996 முதல் பாஷா சம்மான் இருக்கிறது. அகாடமியின் மண்டல அலுவலகம் இங்கேயே சென்ட்ரல் காலேஜ் வளாகத்தில். ஜானபத அகாடமி இருக்கிறது. கலை முயற்சிகளுக்கு நல்கை தரும் இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் 1993 முதல் இந்த ஊரில் இருக்கிறது. மைசூரில் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம், ஹம்பியில் கன்னடப் பல்கலைக்கழகம். ஆக, கதவுகள் இல்லாமல் இல்லை. விண்ணப்பம் எழுதி, வங்கிக் கணக்குப் புத்தக நகல் இணைத்து, கடைசித் தேதிக்குள் சேர்த்து, பதில் வந்ததா என்று மூன்று தரம் தொலைபேசி போட ஆள்தான் இல்லை. இந்த வேலைக்குப் புகழ் கிடையாது. உங்களை நான் கூப்பிடுவது இதற்குத்தான்.

13. கடைசியில் பதிப்பகமும் அவர்களுடையதாகட்டும்

2012இல் ரூபி ஹெம்ப்ரோம் என்ற சந்தாலிப் பெண் கொல்கத்தாவில் 'ஆதிவாணி' தொடங்கினார். பழங்குடிகள் எழுத, பழங்குடிகளே வெளியிடும் பதிப்பகம். ஆஸ்திரேலியாவின் புரூம் ஊரில் மகபாலா புக்ஸ் 1987 முதல் பூர்வகுடி மக்களின் கையில் நடக்கிறது. பக்கத்தில் கோத்தகிரியில் கீஸ்டோன் அமைப்பின் 'நீலகிரி சீமை சுத்தி' செய்திமடலில் மலை மக்களே செய்தி எழுதுகிறார்கள். அது பதிப்பகம் அல்ல, ஆனால் எழுதிப் பழக நல்ல களம். ஹெக்கோடு நீநாசம் நாடகப் பள்ளியில் பயின்ற கிரிஜா சித்தி இன்று நாடகத்திலும் பாட்டிலும் தனக்கென்று பெயர் எடுத்திருக்கிறார். பயிற்சி கிடைத்த இடத்திலெல்லாம் ஆள் எழுந்து வந்திருக்கிறார். ஆகவே பக்க வடிவமைப்பு, அச்சு மதிப்பீடு, கணக்கு எழுதுவது, நூலக ஆணை வாங்குவது எல்லாவற்றையும் நீங்கள் செய்துகொண்டே அந்த ஹாடியில் இரண்டு பேருக்குச் சொல்லிக்கொடுங்கள். அவர்களுக்கு வந்துவிட்டால் நகர்ந்து நில்லுங்கள்.

இவ்வளவும் படித்த பிறகும் வருவதாக இருந்தால், கன்னடத்தில் தட்டச்சுத் தெரிந்தவர்கள் முதலில் வாருங்கள். வாரத்தில் ஒரு மாலை போதும், ஆனால் இரண்டு வருடத்துக்குக் குறையாமல். கன்னடம் தெரியாதவர்கள் மூன்று மாதம் படித்துவிட்டு வாருங்கள். இந்த ஊரில் சம்பளம் வாங்குகிறவர்கள் எப்படியும் படிக்க வேண்டியதுதான்.